கடை மூடிய ஏழு நாள்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். வேறு யாரையாவது எழுதச் சொன்னால், வீட்டுக்காரர்தான் என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்று எழுதிவிடுவார்கள். அப்படி இல்லை. நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எங்கள் இட்லிக் கடை. நான் அடுப்படியில், அவர் இலை போட்டுப் பரிமாறுவார். மகளை ரிஷிவந்தியத்தில் கட்டிக்கொடுத்த பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். முதல் பஸ் கிளம்புவதற்குள் முதல் ஈடு இட்லி இறக்கியாக வேண்டும். சேலம் பஸ்காரர்கள் போனால் திருவண்ணாமலை பஸ்காரர்கள் வருவார்கள். வெள்ளிமலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்குகிறவர்கள், கரும்பு லாரிக்காரர்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள் என்று ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்காருவார். வெளியே ஆரன், உள்ளே "ரெண்டு இட்லி, ரெண்டு இட்லி" என்ற குரல். பதினாறு வருஷத்தில் ஒரு நாள் கூட அந்தக் கடைப் பலகை சாத்தியதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிற கூட்டம் வருமே, எப்படிச் சாத்துவது?

வாரச் சந்தைக்குக் கடலூரிலிருந்து ஒரு கருவாட்டுக்காரி வருவாள். சின்னசேலம் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். எங்கள் கடையில்தான் சாப்பிடுவாள். சாப்பிடும்போது அவள் பேசுவதெல்லாம் அவள் ஊர்க் கடலைப் பற்றித்தான்.

"யக்கா, ஒருவாட்டி எங்க வூட்டுக்கு வா. வாசல்ல காலை நீட்டினா அலை வந்து கழுவிட்டுப் போவும்."

அது என் மனசில் ஒட்டிக்கொண்டது. நான் கடலைப் பார்த்ததே இல்லை. மணலூர்பேட்டையில் தை மாசத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றில் முழுகியதோடு சரி.

ஒரு நாள் மத்தியானம், டிரைவர் கண்டக்டர் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இன்னாங்க, நாலு நாள் கடலூருக்குப் போயி வரலாமா?"

"போயி இன்னா பண்ணுவே?"

"சும்மா உக்காந்துகினு இருப்பேன்."

"சும்மா உக்காரவா அவ்ளோ தூரம்? இங்கயே உக்காரு."

"இங்க உக்காந்தா ரெண்டு இட்லி கேக்குறாங்களே."

கண்டக்டர்கள் சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கரண்டியைத் தூக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தா, நல்லா கேட்டுக்கோ. இந்த பஸ் ஸ்டாண்டு பூரா என்னிக்குக் கடை மூடுதோ, அன்னிக்கு நம்ம கடையையும் மூடிட்டு உன்னக் கடலுக்குக் கூட்டிக்கினு போறேன். நாலு நாள். போதுமா?"

"யக்கா, நீ கடலைக் கனவுலதான் பாக்கணும்" என்றார் சேலம் பஸ் கண்டக்டர்.

நான் சட்னியை ஊற்றினேன். ஆனால் வீட்டுக்காரர் சொன்னதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். படிப்பிலும் வேலையிலும் தங்கள் சனத்துக்கு உரிய பங்கு வேண்டும் என்று சுற்றுப்பட்ட ஊரெல்லாம் கிளம்பியிருந்தது. ஒரு வாரம் சாலை மறியல் என்றார்கள். மற்றவர்கள் பயந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும், "அதெல்லாம் மத்தவங்களுக்கு. பஸ் ஸ்டாண்டு மூடாது" என்றார். நானும் வழக்கம்போல ஒரு பெரிய குண்டான் மாவு ஆட்டி வைத்தேன். பதினாறு வருஷத்துப் பழக்கம், கை சும்மா இருக்காது.

விடிந்து பார்த்தால் ஒரு பஸ் இல்லை. சாலை நெடுக புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். டீக்கடை, பழக்கடை, பாயம்மா வீட்டுத் துணிக்கடை, எல்லாம் சாத்திக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள் இரண்டு நாய்கள் மட்டும் படுத்திருந்தன.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன்.

"இன்னாங்க, பாத்தீங்களா?"

"இன்னாத்த?"

"பஸ் ஸ்டாண்டு பூரா மூடிக் கிடக்குது."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதுக்கு இப்பவா? பஸ்ஸே ஓடலியே, எதுல போறதாம்?"

"ரயில் ஓடுதாம். சின்னசேலம் வரைக்கும் வண்டி கட்டிக்கினு போலாம்."

"மாவு? குண்டான் நெறைய மாவு கீதே, அதைக் கொட்டிட்டு வருவியா?"

இட்லிக் கடைக்காரி மாவைக் கொட்ட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவருடைய கடைசிப் பிடி. நான் குண்டானுக்கு வேட்டித் துணியால் வாய் கட்டினேன். இட்லிப் பானையையும் தட்டையும் கோணிப்பையில் போட்டேன்.

"கடைய மூடிட்டுக் கடையத் தூக்கிக்கினு வரியே!"

"தூக்கத்தான் போறேன். ஊத்துறது யாருன்னு அங்க போயி பேசிக்கலாம்."

சுண்ணாம்பைக் குழைத்துக் கடைப் பலகையில் எழுதினேன்: கடை 4 நாள் இல்லை. எழுத்து கோணல்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

எங்களுக்கு விறகு போடும் வண்டிக்காரர் மாட்டு வண்டியோடு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் சாலையை அடைத்து ஒரு மரம். அதன்மேல் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் கடையில் சாப்பிட்டவர்கள்.

"வண்டி போவாது, யக்கா. எங்க கிளம்பிட்டே?"

"கடலுக்கு."

"ஊரே பத்திக்கினு கீது, நீ கடலு பாக்கப் போறியா?"

வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பச் சொன்னார். நான் இறங்கி அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

"ஏம்பா, கேட்டது கெடைக்காம இந்த மரத்த வுட்டு எழுந்திருப்பீங்களா?"

"மாட்டோம்."

"நானும் அப்படித்தான். பதினாறு வருஷத்துல நாலு நாள் கேட்டேன். பஸ் ஸ்டாண்டு மூடினா கூட்டிக்கினு போறேன்னு இந்த மனுசன் வாக்குக் குடுத்தாரு. மூடினது நீங்க. இப்ப நீங்களே மறிச்சா நியாயமா?"

ஒருவர் சிரிக்க, மரமே குலுங்கியது.

"யக்காவுக்கும் ஒதுக்கீடு குடுங்கப்பா! வருசத்துல நாலு நாள்!"

எட்டுப் பேர் இறங்கி வந்து, சாலை ஓரத்துப் பள்ளத்தில் வண்டியைத் தோள் கொடுத்து இறக்கி, வயல்வழி ஏற்றிவிட்டார்கள். அவர்கள் கேட்ட ஒதுக்கீடும் சும்மா வரவில்லை. போலீஸ் சுட்டதில் எத்தனையோ வீடுகளில் அழுகை விழுந்தது. அந்த இருபது பேரை நினைக்காமல் நான் கடலை நினைத்ததில்லை.

ரயிலில் வெயிலும் குலுக்கலும் சேர்ந்து மாவு பொங்கி, துணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் விருத்தாசலம் வரைக்கும் குண்டானைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். எதிரில் இருந்த அம்மா, "கைக்கொழந்தையா?" என்று கேட்டார். அவர் துணியை இழுத்து இறுக்கினார்.

கடலூர் முதுநகரில் இறங்கி உப்பனாற்றைத் தோணியில் கடந்தால் கருவாட்டுக்காரியின் குப்பம். பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது. மணல் மேட்டில் ஏறினேன். அந்தப் பக்கம் கடல்.

அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் பஸ் ஸ்டாண்டைவிடப் பெரிய சத்தம். ஆனால் அத்தனை சத்தத்திலும் அது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வந்தது, போனது, திரும்ப வந்தது. நான் எழுந்து போய் எதையும் வைக்க வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈர மணலில் உட்கார்ந்தேன். கருவாட்டுக்காரி சொன்னது பொய் இல்லை. அலை வந்து காலைக் கழுவிவிட்டுத்தான் போனது.

மறுநாள் காலையில் மாவு புளித்து உச்சத்துக்கு வந்திருந்தது. இனிமேல் தாங்காது. நான் மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். குண்டானைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"இன்னா, ஊத்தலியா?"

"கடை நாலு நாள் இல்லைன்னு எழுதிட்டு வந்திருக்கேன்."

மூன்று கல் அடுக்கி அவரே அடுப்பு மூட்டினார். குப்பத்தில் குடிக்கிற தண்ணீர் தூரத்திலிருந்து வர வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, இட்லிப் பானை அடியில் ஒரு செம்பு கடல் தண்ணீரை ஊற்றிவிட்டார். கருவாட்டுக்காரி பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"யண்ணா! கடல் தண்ணியிலியா அவிக்கிறே? உப்புக் கரிக்கப் போவுது!"

குப்பமே கூடிவிட்டது. அவர் பானையைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் வியர்த்து நின்றார். எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

அவர் துணியை உரித்து முதல் இட்லியை இலையில் வைத்து என் முன்னால் கொண்டுவந்தார். கருவாட்டுக்காரி மேலே மீன் குழம்பை ஊற்றினாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பிட்டுப் போட்டேன். உப்பு ஏறவே இல்லை. ஆவிக்கு உப்பு தெரியாது போல. பூப்போல இருந்தது. பதினாறு வருஷத்தில், அடுத்தவர் அவித்து நான் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் இட்லி.

என் இலைக்குப் பக்கத்திலேயே அவர் நின்றுகொண்டிருந்தார், நான் என்ன சொல்வேனோ என்று.

"இன்னும் ரெண்டு வைங்க" என்றேன்.

நாலு நாள் முடிந்தும் திரும்ப வழியில்லை. ரயிலும் நின்றுபோனது. அவர் ஊரை நினைத்துப் புலம்பினார். நான் வலை உலர்த்துகிற இடத்தில் நிழல் பார்த்துப் படுத்துத் தூங்கினேன். ஏழு நாள்.

திரும்பி வந்து பலகையைத் திறந்தபோது சேலம் பஸ் கண்டக்டர்தான் முதலில் வந்தார். "இன்னாக்கா, கனவா நெசமா?" என்றார். ஒரு பிடி சங்கு, சிப்பியை அவர் இலை ஓரத்தில் கொட்டினேன்.

அடுத்த வருஷம் அதே மாசம், நான் வாய் திறக்கும் முன்னாலேயே வீட்டுக்காரர் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். கடை 4 நாள் இல்லை என்று எழுதினார்.

நான் ஈரத் துணியை எடுத்து அந்த நாலை அழித்துவிட்டு, ஏழு போட்டேன்.