தம்பி சவரம் செய்துகொண்ட நாள்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மனநோய்க்காக என் தம்பி வாங்கும் உதவித்தொகையைத் தொடரலாமா என்று பார்க்கத் தாலுகா ஆபீசர் வருகிறார் என்றதும், பத்து நாள் அவனைச் சவரம் செய்யவே விடவில்லை. பார்த்ததும் நோயாளி என்று தெரிய வேண்டுமே!

ஆபீசர் வரும் அன்று அவனோ சுங்குவார்சத்திரம் போய் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்து நின்றான்.

"இன்னாடா இது?"

"ஆபீசர் வர்றாருக்கா. அசிங்கமாவா நிப்பாங்க?"

ஆபீசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கே?"



தம்பி என்னைக் காட்டினான். "எங்கக்கா ஷிப்ட்டு போறதுக்கு முன்னால மாத்திரை குடுத்துட்டுத்தான் சார் போவும். மாத்திரைய வுட்டா வூட்ட வுட்டே ஓடிடுவேன்."

அவர் தலையசைத்து, 'தொடரலாம்' என்று எழுதினார்.

அவனை அழுக்காகக் காட்டப் பார்த்தவள் நான். இப்போது அவன் சவரத்துக்குக் கண்ணாடி பிடிப்பதும் நான்தான்.