பாறைமேல் வைத்த போன்

மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் இடத்தில் ரேஞ்ச் கிடையாது. மேட்டில் இருக்கும் பாறைமேல் மட்டும் கிடைக்கும். அதனால் எல்லோரும் போனை அங்கே வைத்துவிட்டுத்தான் இறங்குவோம். யார் போன் அடித்தாலும் பக்கத்தில் இருப்பவர் எடுத்துப் பேசிவிட்டு ஆளைக் கூப்பிடுவார்.

நானே கட்டிப் பாடிய பாட்டுகளை ஒரு ஆப்பில் போட்டு வந்தேன். எங்கெங்கோ இருப்பவர்கள் கேட்டார்கள். ஒருநாள் என் போனை எடுத்தவர் என்னோடு கொழுந்து எடுக்கும் மேரி அக்கா.

"ஒன் பாட்டுக்குப் பரிசு விழுந்திருக்குன்னாங்க புள்ள! மெசேஜ்ல வந்த நம்பரைக் கேட்டாங்க, வாசிச்சுச் சொல்லிட்டேன்" என்றார் பூரிப்போடு.

அன்று மாலை அந்த ஆப்பில் என் கணக்குக்குள் என்னாலேயே நுழைய முடியவில்லை. இப்போது அந்தக் கணக்கில் என் முகத்தைக் காட்டி யாரோ கடன் தருவதாக விளம்பரம் செய்கிறார்கள். எத்தனை முறை புகார் அனுப்பினாலும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம்தான் பதில் போடுகிறது. அங்கே மனிதர் ஒருவர்கூடவா இல்லை? அக்காவைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் போனை மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். போன வாரம் பள்ளிக்கூடத்தில் என் மகள் மயங்கி விழுந்துவிட்டாள். டீச்சர் என்னை விடாமல் கூப்பிட்டிருக்கிறார். வேலை முடிந்து பாறைக்கு ஏறி வந்து ரேஞ்ச் கிடைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.