மஞ்சள் தண்ணீர் ஊற்றிய வேர்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அம்மன் கோயில் தோப்பு இருக்கிறது. அங்கே யாரும் சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நான், அங்கே ஒரு வேப்பமர வேரில் வெல்வெட் போலப் படர்ந்திருந்த பாசியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுற்றியுள்ள கம்பெனிகளின் புகையில் வளரவே வளராது என்று வகுப்பில் நான் அடித்துச் சொல்லும் அரிய வகை அது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மல்லிகா, அம்மனுக்கு அபிஷேகம் செய்த மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து அந்த வேரில் ஊற்றப் போனார். நான் பதறித் தடுத்தேன்.

"மஞ்சள் பட்டா இது செத்துடும்மா. இனிமே இங்க ஊத்தாதீங்க."

"இன்னா டீச்சர், தெனம் இங்கதான ஊத்திகினு கீறோம்?" என்றவர், "சரி, படிச்சவங்க சொல்றீங்க" என்று குடத்தை வேறு பக்கம் கவிழ்த்தார்.

கோடை விடுமுறை முடிந்து மறுபடி அங்கே போனேன். விரல் வைத்ததும் பாசி பழுப்புத் தூளாக உதிர்ந்தது. தினமும் கிடைத்த அந்த ஒரு குடம் தண்ணீரில்தான் அது உயிரோடு இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீங்க சொன்னாப்ல ஒரு சொட்டு ஊத்தல. அப்பவும் ஏன் டீச்சர் காஞ்சி பூட்ச்சி?" என்று மல்லிகா கேட்டார். தன் மேல்தான் தப்பு என்பது போல நின்றார்.

"கம்பெனிப் புகை ஜாஸ்தி இல்ல, அதான்" என்றேன்.

தெரியாமல் தடுத்ததைக்கூட என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. தெரிந்தே சொன்ன இந்தப் பதிலை மன்னிக்க முடியவில்லை. மல்லிகா அதையும் நம்பினார். இன்றும் அந்த வேரில் படாமல், தள்ளி நின்றுதான் குடத்தைக் கவிழ்க்கிறார்.