வெறும் இரைச்சலைக் கொடுத்துப் பார்த்த ஏழுமலை

போன வியாழக்கிழமை காலை முகப்பேர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏழுமலையின் மகள் போன் செய்தாள். "அப்பா தூக்கத்துலயே போய்ட்டாரு ஆன்ட்டி" என்றாள். "சும்மா விளையாடாதம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். நூம்பல்காரர், சோதனைப் பிரிவு, வாய் ஓயாது. காற்றில் வரும் ரேடியோ சிக்னல் எந்த வகை என்று, எவ்வளவு இரைச்சலிலும் கண்டுபிடிக்கும், பதிவுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் டீப் லேர்னிங் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். வாடிக்கையாளர் முன்னால் தோற்றால் எங்கள் குழுவையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. எட்டுப் பேரின் வேலை. நான்தான் குழுத் தலைவி. எங்கள் அறையில் மென்பொருள் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. ஆர்ப்பாட்டமாக ஜிலேபி வாங்கி வந்தேன்.

எல்லோரும் ஜிலேபியில் இருக்க, ஏழுமலை ஒவ்வொரு பதிவிலும் சிக்னல் தொடங்குவதற்கு முந்தைய வெறும் இரைச்சலை மட்டும் வெட்டிக் கொடுத்தார். சிக்னலே இல்லை. ஆனாலும் அது டக்டக்கென்று வகையைச் சரியாகச் சொன்னது! "மேடம், இது சிக்னல பாக்கல. நம்ப ரூமைப் பாத்துக்கினு கீது" என்றார்.

எல்லாம் நான் செய்த கூத்து. வசதிக்காக ஒரு நாளைக்கு ஒரு வகை என்று பதிவு செய்திருந்தேன். ஒரு நாள் ஏசி ஓடியது, இன்னொரு நாள் பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடியது. அந்தந்த நாளின் இரைச்சலை அது மனப்பாடம் செய்துவிட்டது. வாடிக்கையாளர் வர ஒன்பதே நாள். "இத பதிவு பண்ண அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்று அவர் மேல் பாய்ந்தேன். "திட்டிக்கோங்க மேடம், பரவால்ல. நாளைக்கு வண்டி மட்டும் வோணும்" என்றார்.

பூந்தமல்லிக்குப் போனோம். மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் வெல்டிங், ஜெனரேட்டர், சுற்றி ஆயிரம் செல்போன். அந்தக் குழப்பத்தில் எல்லா வகைகளையும் கலந்து கலந்து பதிவு செய்தோம். "இன்னாபா பண்றீங்க?" என்றார் ஒரு கான்ஸ்டபிள். "கம்ப்யூட்டருக்குப் பாடம் நடக்குது சார்" என்றார் ஏழுமலை. வெறும் இரைச்சல் வந்தால் 'சிக்னல் இல்லை' என்று சொல்லவும் சேர்த்தே பழக்கச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் ஆவடிப் பக்கத்துத் திடலில் வாடிக்கையாளர் இரைச்சலை ஏற்றிக்கொண்டே போனார். மென்பொருள் அசரவில்லை. கடைசியில் யாரிடமும் சொல்லாமல் சிக்னலை நிறுத்தினார். 'சிக்னல் இல்லை' என்று திரை சொன்னது. மனுஷன் கைதட்டிவிட்டார்! "இது யார் யோசனை?" என்று கேட்டார். ஏழுமலை என்னைக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. பாராட்டு முழுவதும் எனக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை நூம்பலில் மாலையோடு நின்றோம். எட்டுப் பேரில் மிச்சம் ஏழு பேர்; ஏழு பேருக்கும் இன்றும் வேலை இருக்கிறது. எல்லோரும் கேட்க அவர் மகளிடம் சொன்னேன்: "தப்பு பண்ணது நான். ஜெயிச்சது உங்கப்பா." இனி யார் ஜெயித்தாலும் அந்த ஆள் பேரை அங்கேயே, அந்த ஆள் காதில் விழும்படி சொல்வேன். ஏழுமலையால் எனக்கு வந்த பழக்கம் அது; அவருக்குத்தான் உதவவில்லை.