அகப்பையைப் பறித்த கனடா

தங்கச்சி மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போய் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தேன். அவ்வளவுதான். மானிப்பாயில் எங்கள் ஒழுங்கைக்குள் ஆட்டோ திரும்பியதிலிருந்து நான் கனடாக்காரி.

போன வீட்டிலெல்லாம் எனக்குப் போத்தல் தண்ணீர். சோற்றுக்குக் கரண்டி. "வெயிலுக்கை நிக்காதையுங்கோ அக்கா, உங்களுக்குப் பழக்கமில்லை" என்றாள் முன்வீட்டுக்காரி. ஐம்பத்திரண்டு வருசமாக இந்த வெயிலில் காய்ந்த தலை இது! முதலில் சண்டை பிடித்தேன். பிறகு, உண்மையைச் சொன்னால், குடை பிடிக்கத் தொடங்கினேன். தலையிடியும் வந்தது.

இதெல்லாம் போகட்டும். ஒழுங்கைப் பெண்கள் சேர்ந்து பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சினால் உப்பும் உறைப்பும் பார்ப்பது நான்தான். இருபது வருசமாக அகப்பை என் கையில். இந்த முறை போனால் அது முன்வீட்டுக்காரியின் கையில் இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு இனி உறைப்பு ஒத்துவராதக்கா."

"ஆர் சொன்னது? தாரும், குடிச்சுக் காட்டுறன். கண் கலங்கினால் அகப்பையை நீரே வைச்சிரும்."

பிலாவிலையைத் தொன்னையாகக் கோலி, ஒரு சின்னச் சட்டியிலிருந்து ஊற்றித் தந்தாள். கூடியிருந்த எட்டுப் பேரும் கதையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். கலங்காதே, கலங்காதே என்று கண்ணுக்குச் சொல்லிக்கொண்டே குடித்தேன். நாக்கு எரிந்தது. மூக்கு ஒழுகியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாத்தியளோ, கனடா!" என்று ஒருத்தி கை தட்டினாள்.

முன்வீட்டுக்காரி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "அக்கா, உது உங்களுக்கெண்டு புறம்பாய் எடுத்து வைச்சது. உதுக்கை நான் மிளகாயே போடேல்லை."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரித்த சிரிப்பில் முன்வீட்டுக்காரி அகப்பையைப் பெரிய பானைக்குள்ளேயே விட்டுவிட்டாள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு அகப்பை அள்ளி மடமடவென்று குடித்தேன். சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உறைப்புக் காணாது, உப்பும் குறைவு. அரைத்த செத்தல் மிளகாயில் ஒரு கரண்டியும் அரைக் கை உப்பும் போட்டுக் கலக்கிவிட்டுப் பேசாமல் வந்து இருந்தேன்.

பிறகு எல்லோரும் குடித்தார்கள். "இந்தமுறைக் கூழ் திறமடி! இனி நீதான் உறைப்புப் பாக்கோணும்" என்று முன்வீட்டுக்காரியைப் புகழ்ந்தார்கள்.

அவள் வெட்கத்தோடு சிரித்து, என் போத்தல் தண்ணீரின் மூடியைத் திறந்து தந்தாள்.