பின்சீட்டின் விலை

காவலூருக்கு அருகே ஒரு மலைக்கிராமத்தில் பழைய அம்பாசிடர் விலைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டுப் போனேன். சொந்தக்காரர் ஒல்லியான, நரைத்த மனிதர். ஓரிடத்தில் நிற்க மாட்டார். பேசும்போதும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் மங்கிவிட்டதால் விற்கிறாராம்.

பின்சீட்டில் கறை இருந்தது. அதற்காக விலையைக் குறைக்கச் சொன்னேன்.

“பிரசவத்துக்கு இட்டுக்கினு போன பொம்பளைங்களோட கறைங்க அது. அதுக்கு நான் ஏத்திக் கேக்கலாம்னு இருந்தேன்,” என்றார்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவருடைய மருமகளுக்கு வலியெடுத்துவிட்டது. பெரியவர் சாவியை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே ஓட்டுங்க. வண்டி எப்படின்னும் தெரிஞ்சிடும்.”

அந்தப் பெண்ணைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வளைவையும் பெரியவர் முன்கூட்டியே சொல்லச் சொல்ல, ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிவரை ஓட்டினேன். பெண் குழந்தை பிறந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நடந்தபடியே பெரியவர் கேட்டார்: “இப்ப சொல்லுங்க, சீட்டுக்கு இன்னா கொறைக்கலாம்?”

அவரை ஊரில் கொண்டுவிட்டு, அவர் கேட்ட விலையையே கொடுத்தேன். காரோடு மலையிறங்கும்போதுதான், இனி அந்த ஊரில் யாருக்காவது வலியெடுத்தால் எந்த வண்டி வரும் என்று தோன்றியது. திரும்பிப் போகலாமா என்று வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தினேன். ஊருக்கு இனி வண்டி இல்லை என்பதைப் பற்றி அவர் ஏன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.