ஞாயிற்றுக்கிழமை விமானம் பறக்காது

அன்றைக்குச் சைக்கிளில் புறப்பட்டவர்கள் மூன்று பேர். அம்மா, சித்தி, நான். எங்களை வழியனுப்பிய வாடகை சைக்கிள் கடை பாயையும் சேர்த்தால் நாலு. வழி சொல்லிக்கொடுத்த மாமா வரவில்லை, வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் நின்று, எங்களைப் பார்க்காதது மாதிரி ரொம்ப நேரம் பல் விளக்கினார். அவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

இப்போது நானும் என் வீட்டுக்காரரும் பொன்மார் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறோம். ஞாயிறு விடிந்தால் ஹெல்மெட் மாட்டிய சைக்கிள்காரர்கள் கும்பலாக வந்து இறங்குவார்கள். சக்கரை இல்லாத டீ கேட்பார்கள். லாரி வராத, மரம் இருக்கிற ரோடு எது அக்கா என்பார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள், அவர்கள் போனில் ரோடெல்லாம் நீலக் கோடாக ஓடுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒருத்தர் வண்டியிலும் பெல் இல்லையே என்று அவர்கள் வளைவு திரும்பும்வரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர்கள் வருகிற பாதி வழியை முதலில் தொலைந்து கண்டுபிடித்தது எங்கள் அம்மா என்று சொல்ல வாய் வரும். சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயசு. மாடம்பாக்கத்தில் ஏரிக்கு இந்தப் பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பல்லாவரத்தில் தோல் கம்பெனி வேலை. சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். மாம்பாக்கத்தில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் பெண்கள் எடுக்கிறார்கள் என்று மாமாதான் சேதி கொண்டுவந்தார். பஸ் என்றால் தாம்பரம், வண்டலூர் என்று ஊரைச் சுற்ற வேண்டும், அதற்குள் கேட்டை மூடிவிடுவார்கள். சைக்கிள் இருந்தால் அகரம்தென் வழியாகக் குறுக்கே போய்விடலாம்.

அம்மாவுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் மாமாதான். அப்பாவுக்குத் தெரியாமல், அவர் எழுந்திருப்பதற்கு முன்னால், பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. யாராவது வந்தால் சொல்வதற்கு என்னைக் காவலுக்கு நிறுத்துவார்கள். நான் காக்கா வந்தாலும் சொல்வேன். கொஞ்ச நாளில் அம்மா நேராக ஓட்டினாள், இறங்கவும் பழகிவிட்டாள். ஏறுவதுதான் வரவில்லை. கால் எட்டாது. கொடிக்கம்பத்து மேடையில் ஒரு காலை வைத்துத்தான் ஏறுவாள். கல் இருந்தால் அம்மா ராணி. இல்லாவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கடைசியில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அது ஜல்லி லாரி ஓடுகிற பக்கம் என்றார். வழியில் ஒன்று ஆகிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். அம்மா ரசம் ஊற்றினாள். அப்புறம் அவரே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம போயி அந்த கேட்டத் தொட்டுட்டு, பன்னெண்டு மணிக்குள்ள வூட்டுக்கு வந்து காட்டு. அப்பறம் பேசலாம்."

சாட்சிக்கு என்னை அனுப்பச் சொன்னார். பயந்தாங்கொள்ளிக்குப் பொய் சொல்ல வராது என்பது அவர் கணக்கு. எனக்கு அது பெருமையா அவமானமா என்று புரியவில்லை.

மாமா டீக்கடைகளுக்கு ரொட்டியும் ரஸ்க்கும் சைக்கிளில் போடுகிறவர். அந்தப் பக்கத்துச் சந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி, ஆனால் எதற்கும் பெயர் தெரியாது. தாம்பரம் ஏர்போர்ஸ் மைதானத்திலிருந்து பயிற்சி விமானங்கள் காலையிலேயே கிளம்பி வட்டம் அடித்துக்கொண்டே இருக்கும். அதைத்தான் மாமா வழியாக வைத்திருந்தார்.

"ஏரி தாண்டி எங்க ரோடு பிரிஞ்சாலும் சரி, நின்னு கேளு. போவும்போது ப்ளேன் சத்தம் வலது காதுல உழணும். வரும்போது எடது காதுல. காது மாறிச்சுனா ரோடு மாறிட்டனு அர்த்தம். அவ்ளோதான் மேட்டரு."

அந்தச் சத்தத்துக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

காலை எட்டு மணிக்கு பாய் கடையில் இரண்டு லேடீஸ் சைக்கிள் எடுத்தோம். அம்மாவுக்கு நாலாம் நம்பர். நான் சித்தியின் கேரியரில், ஆரக்கம்பிக்குள் கால் போய்விடும் என்று இரண்டு காலையும் இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். ஏரி ரோட்டின் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. அகரம்தென் தாண்டியதும் வீடுகள் குறைந்து, இரண்டு பக்கமும் புளியமரமும் பனையும் பச்சை நாற்றுமாக ஆகிவிட்டது. கொக்குகள் எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரில் ஆடு வந்தாலும் இறங்கி, பிறகு கல்வெர்ட்டோ மைல்கல்லோ வரும்வரை தள்ளிக்கொண்டு போய் ஏறினாள்.

"அக்கா, ஹைவேஸ்காரன் உனக்காவத்தான் கல்லு நட்டு வெச்சிக்கிறான்" என்றாள் சித்தி.

ரோடு முதல் தடவை இரண்டாகப் பிரிந்த இடத்தில் மாமா சொன்னபடி நின்று கேட்டோம். சத்தம் இல்லை. விமானம் இறங்கி எண்ணெய் போடும், இப்போது ஏறும் என்றாள் அம்மா. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சித்தி, காதுகுத்துக்கு வந்த குழந்தை மாதிரி நிற்கிறாயே என்று கேலி செய்தாள். எங்கேயோ மயில் கத்தியது. தவளை கத்தியது. ஆகாயம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து, ஏதோ இரைகிற மாதிரி வலது பக்கம் கேட்டது. அந்தக் காதை நம்பிப் போனோம். போகப் போகத் தார் போய் செம்மண் வந்தது, செம்மண் போய் வரப்பு வந்தது. கடைசியில் ஒரு மோட்டார் கொட்டகைக்கு முன்னால் போய் நின்றோம். இரைந்தது அதுதான். அம்மா அங்கே கல் தேடும் அவசரத்தில் ஒரு தடவை விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் வழி கேட்கவில்லை. இன்றைக்கு ஏன் ப்ளேன் வரவில்லை என்று கேட்டாள். அவர் எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமம்மா. அவனுக்கும் லீவு இருக்கும்ல?" என்றார்.

சித்தி வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். மாமா ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நாளும் ரொட்டி போட்டதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சித்தியின் வாட்சில் மணி பதினொன்று. திரும்பிவிடலாம், டயர் பஞ்சர் என்று சொல்லிக்கொள்ளலாம், இந்தக் குழந்தைக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். நான் திரும்புகிற கட்சி. பஞ்சர் சொல்கிற கட்சி இல்லை.

அம்மா முழங்கையில் எச்சில் தொட்டு வைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கே தொலைஞ்சு முடிச்சுடலாம்டி. வேலைக்குச் சேந்தப்பறம் தொலைஞ்சா அரை நாள் சம்பளம் புடிப்பாங்க."

பெரியவர் காட்டிய பனை வரிசையைப் பிடித்து, ஒரு கோயில் குளத்தைச் சுற்றி, மறுபடி தார் ரோட்டைக் கண்டுபிடித்தோம். கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு மணி அங்கேயே அடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரியும். அவள் இறங்கி, கேட்டில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வாட்ச்மேன், என்னம்மா வேண்டும் என்றார். ஒன்றும் இல்லை அண்ணா, தண்ணீர் இருக்குமா என்றாள் அம்மா.

திரும்பும் வழியில் இன்னொரு தடவை விழுந்தாள். எனக்கு வழியெல்லாம் ஒரே சிந்தனை. அப்பா கேட்பார், நான் உண்மையைச் சொல்வேன், அம்மாவுக்கு வேலை போய்விடும். வேறு ஏதாவது சொல்ல முயன்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சித்தியின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, பன்னெண்டு ஆயிடுச்சுப்பா, பன்னெண்டு ஆயிடுச்சுப்பா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மூன்று மணிக்கு பாய் கடைக்கு வந்தால், பெஞ்சில் அப்பா. கையில் டீ கிளாஸ், காலடியில் இன்னும் ரெண்டு மூன்று காலி கிளாஸ்.

"நீங்க போனதுலருந்து இங்கயேதான் உக்காந்துகினு கீறாரு" என்றார் பாய். எங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அங்கேயே காவல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அம்மாவின் முழங்கையைப் பார்த்தார். சக்கரத்துச் சேற்றைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லாரி இருந்துச்சா?"

இல்லை, மயில்தான் இருந்தது என்றேன்.

"அம்மா வுழுந்தாளா?"

ரெண்டு தடவை என்றேன். அவர் தாடை இறுகியது. போச்சு என்று நினைத்தேன்.

"ஏர்றதுக்குக் கல்லு தேடினாளா?"

ஆமாம் என்றேன். அவர் எழுந்து போய் நாலாம் நம்பர் சீட்டைத் தட்டி, "பாய், இத்த எவ்ளோ கீழ எறக்க முடியுமோ எறக்குங்க" என்றார். பாய் ஸ்பேனரை எடுத்தார். சீட்டு இறங்கியதும் அப்பா அம்மாவைப் பார்க்காமலே, ஏறிப் பாரு என்றார். அம்மா தரையில் நின்றபடியே ஏறினாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள்.

பன்னிரண்டு மணியைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த உண்மை வீணாகிவிட்டதே என்று எனக்கு அப்பாமேல் கோபம்தான் வந்தது. விடிகாலையில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு, கொடிக்கம்பத்து மேடையும் அம்மாவின் எட்டாத காலும் எப்படித் தெரிந்தது என்று அந்த வயசில் எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. அந்த மைதானத்தில் என் காவல் அவ்வளவு லட்சணம். பயம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்பதும் அப்போது தெரியாது.

அப்பா அந்த மாதமே நாலாம் நம்பரை பாயிடம் விலைக்கு வாங்கினார். அம்மா அதில் வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு அதே வண்டியில், அதே வழியில் நானும் வேலைக்குப் போனேன். சைக்கிள் பணத்தை அப்பா தவணையில் ஒழுங்காகக் கட்டி முடித்தார். அன்றைய வாடகையை மட்டும் சீட்டு இறக்கிய சந்தோஷத்தில் அவரும் கொடுக்கவில்லை, பாயும் கேட்கவில்லை. அப்புறம் ரோடு அகலப்படுத்தக் கடையை எடுத்துவிட்டார்கள், பாய் எங்கே போனார் என்று தெரியவில்லை. இப்போதும் என் கடைக்கு வந்து உட்கார்ந்தால் அப்பா அதைத்தான் கேட்பார், பாயை யாராவது பார்த்தீர்களா என்று. சைக்கிளுக்கு மணிக்கு நாலு ரூபாய், இரண்டு சைக்கிள், ஏழு மணி நேரம். தொலையாமல் பன்னிரண்டுக்கே வந்திருந்தால் முப்பத்திரண்டோடு போயிருக்கும். பாக்கி ஐம்பத்தாறு ரூபாய்.